5052 அலுமினியத் தகட்டைக் கடுமையாக உருட்டி அனீல் செய்து சோதிப்பது எப்படி: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

உருட்டி இறுக்கிய அலுமினியத் தகட்டை எத்தனை டிகிரியில், எவ்வளவு நேரம் வைத்தால் வலிமை பெரிதாக இறங்காமல் நீளும் தன்மை திரும்பி வரும்? இப்படிச் சூட்டில் வைத்து மென்மையாக்குவதுதான் அனீலிங். இந்த வேலை முழுவதும் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான். பதில் சில பத்து டிகிரி அகலமே உள்ள ஓர் இடைவெளியில் ஒளிந்திருக்கிறது. ஃபர்னஸின் வெப்பநிலை 15 டிகிரி பொய் சொன்னாலே அந்த இடைவெளி கைநழுவிவிடும். முதுநிலைப் பொறியியல் ப்ராஜெக்ட் தொடங்குபவரையும் ஆராய்ச்சியின் முதல் ஆண்டில் இருப்பவரையும் மனதில் வைத்து இதை எழுதியிருக்கிறோம். எல்லா வெப்பநிலையும் செல்சியஸில்.

1. முதலில் அலாயைத் தேர்ந்தெடுங்கள்

தொடக்கக்காரருக்கு 5052 என்ற அலுமினிய அலாய் (உலோகக் கலவை) நல்ல தேர்வு. மெக்னீசியம் 2.2 முதல் 2.8 சதவீதம், குரோமியம் 0.15 முதல் 0.35 சதவீதம். வெப்பப் பதத்தால் வலுவேறாத அலாய் என்பதால் வலிமை மாறினால் காரணம் உருட்டலா அனீலிங்கா என்று பிரித்துச் சொல்லிவிடலாம். 6061 எடுத்தால் சிக்கல் கூடும். சொல்யூஷன் பதம் செய்து (உயர் சூட்டில் வைத்து விரைவாக ஆற்றி) உருட்டிய 6061 தகட்டைச் சூடாக்கும்போது ஒரு பக்கம் மென்மையாதலும் மறுபக்கம் நுண்துகள் படிந்து வலுவேறுவதும் ஒரே சமயத்தில் நடக்கும். உருத்திரிபு (உருட்டலால் வடிவம் மாறிய அளவு) அதிகமாக இருந்தால் அந்தப் படிவு வழக்கமான ஏஜிங் (படிவால் வலுவேற்றும் பதம்) வெப்பநிலையைவிடக் குறைவான சூட்டிலேயே, விரைவாகவும் முடிந்துவிடும். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தனிச் சோதனைகள் வேண்டும்.

5083 போல மெக்னீசியம் 3 சதவீதத்தைத் தாண்டும் அலாய்களில் வேறு ஒரு தொல்லை. ஏறக்குறைய 65 முதல் 180 டிகிரி வரையிலான சூட்டில் நெடுநேரம் இருந்தால் கிரெயின் (உலோகத்தின் நுண்படிகம்) எல்லைகளில் மெக்னீசியம் நிறைந்த பீட்டா கட்டம் படிந்து, அரிப்புக்கு இடம் கொடுக்கும். 5052-இல் இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை.

2. தகடு வாங்கும்போது கேட்க வேண்டிய தாள்கள்

மில் டெஸ்ட் சர்டிஃபிகேட் இல்லாமல் தகடு வாங்காதீர்கள். அதில் நான்கு விவரங்கள் இருக்க வேண்டும்: வேதிக் கலவை, காயில் அல்லது லாட் எண், டெம்பர் (தகட்டின் கடினநிலை), அந்த லாட்டின் இழுவைச் சோதனை முடிவு. கடைக்காரர் "5052 தான் சார்" என்று வெட்டுத்துண்டு எடுத்துக் கொடுத்தால், அதில் அடித்த லாட் எண்ணும் சர்டிஃபிகேட்டில் உள்ள எண்ணும் ஒன்றா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள்.

கையடக்க எக்ஸ்ரே கருவியால் கலவையைச் சரிபார்த்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பிவிட வேண்டாம். மெக்னீசியம் லேசான தனிமம். அந்தக் கருவிக்கு அது சரியாகப் பிடிபடாது. ஸ்பார்க் எமிஷன் சோதனைதான் வேண்டும். ஒரே ஒரு மாதிரி போதும், பெரிய செலவில்லை.

ப்ராஜெக்ட் முழுவதற்கும் வேண்டிய தகட்டை ஒரே லாட்டில் வாங்குங்கள். 5 மி.மீ தடிமன், 1250 × 2500 மி.மீ முழுத் தகடு ஒன்று ஏறக்குறைய 42 கிலோ வரும். அதில் கால் பங்கு போதும். பாதி வேலையில் தீர்ந்து, வேறு லாட்டில் வாங்கினால் இரும்பு, சிலிக்கன் அளவுகள் சற்றே மாறும். இரும்பு நிறைந்த பெரிய துகள்களைச் சுற்றித்தான் புதிய கிரெயின்கள் முளைக்கின்றன. ஆகவே இரண்டு லாட்டுகளின் அனீலிங் வளைவுகள் ஒன்றின் மேல் ஒன்று உட்காராது.

எந்த டெம்பரில் வாங்கினாலும், உருட்டுவதற்கு முன் 345 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து ஓ டெம்பருக்கு, அதாவது முழுதும் மென்மையான நிலைக்கு, கொண்டுவாருங்கள். கடையில் எளிதாகக் கிடைப்பது எச்32, ஏற்கெனவே ஓரளவு இறுக்கிய தகடு. அதை அப்படியே உருட்டினால் உங்கள் திரிபுக் கணக்கின் தொடக்கப்புள்ளி பூஜ்யமாக இருக்காது.

3. எவ்வளவு உருட்டுவது?

தட்டை உருட்டலில் சமானத் திரிபு (மொத்த உருமாற்றத்தை ஒரே எண்ணாகச் சொல்லும் அளவு) எளிய கணக்கு: தொடக்கத் தடிமனை முடிவுத் தடிமனால் வகுத்து, இயல் மடக்கை எடுத்து, 1.155 ஆல் பெருக்குங்கள். 50 சதவீதக் குறைப்புக்கு 0.80. 75 சதவீதத்துக்கு 1.60. 5 மி.மீ தகடு 1 மி.மீ ஆனால், அதாவது 80 சதவீதத்துக்கு, 1.86. 90 சதவீதத்துக்கு 2.66.

தொழில்துறையில் முழுக்கடினம் எனப்படும் எச்18 டெம்பரே ஏறக்குறைய 75 சதவீதக் குறைப்புக்குச் சமம். ஆகவே 50 சதவீதம் உருட்டிவிட்டு அறிக்கைத் தலைப்பில் 'கடும் உருத்திரிபு' என்று போட்டால் தேர்வாளர் முதல் கேள்வியையே அங்கிருந்துதான் தொடங்குவார். 50, 80 என்று இரண்டு நிலைகளை வைத்துக்கொள்ளுங்கள். உருத்திரிபு கூடினால் மறுபடிகமாதல் (இறுகிய கிரெயின்களின் இடத்தில் புதிய கிரெயின்கள் வளர்வது) தொடங்கும் வெப்பநிலை இறங்கும், கிரெயின்கள் சிறுக்கும் என்பதை இந்த இரண்டை ஒப்பிட்டாலே காட்டிவிடலாம். இரண்டும் ஒரே முடிவுத் தடிமனுக்கு, 1 மி.மீக்கு, வர வேண்டும். 50 சதவீதத்துக்கானதை 2 மி.மீ தகட்டில் தொடங்க வேண்டும். அந்த 2 மி.மீயையும் 5 மி.மீ தகட்டிலிருந்தே உருட்டி எடுத்து, அனீல் செய்துகொள்ளுங்கள், லாட் மாறாது.

இங்கே பலரும் விழும் பள்ளம் அகலம். 60 மி.மீ அகலத்தில் துண்டு வெட்டினால் உருட்டு மில்லுக்கு எளிது. ஆனால் உருட்டிய திசைக்குக் குறுக்கே 100 மி.மீ நீள இழுவை மாதிரி எடுக்க அதில் இடமே இருக்காது, தகடு அகலத்தில் விரிவதில்லை. எனவே 120 மி.மீ அகலத்தில் தொடங்குங்கள். அதற்கு மில் தாங்குமா என்று முன்பே கணக்கிடுங்கள். 150 மி.மீ விட்டமுள்ள ரோலில் ஒரு பாஸுக்கு (ரோல்களுக்கிடையே தகட்டை ஒருமுறை விடுவதற்கு) 0.5 மி.மீ குறைத்தால் தொடர்பு நீளம் 6 மி.மீ சொச்சம், இறுகிய 5052 தகட்டின் வலிமையையும் உராய்வையும் சேர்த்தால் விசை 25 முதல் 30 டன் வரை வரும். மில்லின் பெயர்ப்பலகையில் இருக்கும் எண் அதைவிடக் குறைவு என்றால் பாஸைச் சிறிதாக்குங்கள்.

4. உருட்டும் நாள்

ஒரு பாஸுக்கு 0.2 முதல் 0.5 மி.மீ. கடைசிப் பாஸ்களில் இன்னும் குறைவு. எண்ணெய் பூசிய ரோலில் உராய்வுக் கெழு 0.1 அளவில்தான் இருக்கும். 75 மி.மீ ஆரமுள்ள ரோல் அப்போது 0.75 மி.மீக்கு மேல் தகட்டைக் கவ்வாது. கவ்வாத தகட்டைக் கட்டையால் தள்ளி உள்ளே விடுவது விரலுக்கு ஆபத்து.

எல்லாப் பாஸும் ஒரே திசையில், அதே முகம் மேலே இருக்கும்படி போக வேண்டும். ஒரு மூலையில் அம்புக்குறி கீறிவையுங்கள். மார்க்கர் பேனா மை எண்ணெயில் அழிந்துவிடும்.

சூட்டைக் கவனியுங்கள். உருட்டச் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு வெப்பமாகிறது. ஒரே பாஸில் 50 சதவீதம் குறைத்தால், ரோல் எடுத்துக்கொள்ளும் வெப்பத்தைக் கழிக்காமல் பார்த்தால், தகடு 60 முதல் 90 டிகிரி வரை சூடேறக்கூடும். அடுத்தடுத்துப் பாஸ் விட்டால் நீங்கள் அறியாமலே அனீலிங் தொடங்கிவிடும். ஒவ்வொரு பாஸுக்குப் பிறகும் தண்ணீரில் நனைத்து, துடைத்து, பிறகே அடுத்த பாஸ்.

60 சதவீதத்தைத் தாண்டியதும் ஓரங்களில் நுண் வெடிப்புகள் தெரியலாம். கண்ணுக்குத் தெரிந்தவுடன் நிறுத்தி, இரு பக்கமும் 3 முதல் 5 மி.மீ ஷியரிங் மெஷினில் வெட்டி எறிந்துவிட்டுத் தொடருங்கள். விட்டுவைத்த வெடிப்பு அடுத்த இரண்டு பாஸில் தகட்டின் நடுவரை ஓடும்.

உருட்டி முடித்த தேதியைத் துண்டிலேயே எழுதுங்கள். உருட்டிய அலுமினியம்-மெக்னீசியம் அலாய் அறை வெப்பநிலையிலேயே வாரக்கணக்கில் மெல்ல மென்மையாகும். எச்32, எச்34 போன்ற நிலைப்படுத்திய டெம்பர்கள் இருப்பதே இதனால்தான். உருட்டியதற்கும் சோதித்ததற்கும் இடையே ஒரு மாதிரிக்கு மூன்று நாள், இன்னொன்றுக்கு மூன்று மாதம் என்றால் ஒப்பீடு கெட்டது. உடனே சோதிக்க முடியாதவற்றை ஃப்ரீசரில் வையுங்கள்.

5. இன்னும் அதிகத் திரிபு வேண்டுமென்றால்

வெறும் உருட்டலில் திரிபு 4 அடைந்து 1 மி.மீ தகடு எடுக்க 32 மி.மீ பிளேட்டில் தொடங்க வேண்டும். அதற்குப் பதிலாகத்தான் ஏஆர்பி (அக்யுமுலேட்டிவ் ரோல் பாண்டிங்): இரண்டு தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒரே பாஸில் 50 சதவீதம் உருட்டி ஒட்டவைத்து, பாதியாக வெட்டி, மறுபடி அடுக்கி உருட்டுவது. ஒரு சுற்றுக்குத் திரிபு 0.8. ஐந்து சுற்றில் 4.0. அப்போது 1 மி.மீ தடிமனுக்குள் 32 அடுக்குகள், ஒவ்வொன்றும் 31 மைக்ரான்.

ஒட்டும் முகங்களை அசிட்டோனால் துடைத்து, துருப்பிடிக்காத எஃகுக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, உடனே அடுக்கி, மூலைகளில் துளையிட்டுக் கம்பியால் கட்டி, எண்ணெயே இல்லாமல் உருட்ட வேண்டும். சுரண்டிய முகத்தை விரலால் தொட்டால் அந்த இடம் ஒட்டாது. பிரஷ்ஷிட்டுவிட்டு டீ குடிக்கப் போனாலும் ஒட்டாது. எண்ணெயில்லாத உருட்டலில் உராய்வு ஏறுவதால் 50 மி.மீ அகலத்துக்கே 25 டன் அளவு விசை கேட்கும். அகலம் ஆசைப்படாதீர்கள். குறுக்குத் திசை மாதிரி இங்கே கிடைக்காது என்று முன்பே அறிக்கையில் எழுதிவிடுங்கள்.

5052 அறை வெப்பநிலையில் சரியாக ஒட்டுவதில்லை. 200 டிகிரியில் 5 நிமிடம் சூடாக்கி உருட்டலாம். ஆனால் ஐந்து சுற்றுக்கு 25 நிமிடம் 200 டிகிரி என்பதும் அனீலிங்தான், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கடைசிச் சுற்றில் உண்டான நடு இணைப்பு ஒரே ஒருமுறை அழுத்தப்பட்டது. இழுவைச் சோதனையில் மாதிரி அங்கேதான் பிளக்கும். பிளந்த மாதிரியின் நீட்சியைச் சராசரியில் சேர்க்காதீர்கள்.

முதல் ப்ராஜெக்ட்டுக்கு ஏஆர்பி வேண்டாம் என்பது எங்கள் கருத்து. 80 சதவீத உருட்டலே போதிய விஷயம் தரும்.

6. அனீலிங்: இங்கேதான் வேலை கெடுகிறது

150, 200, 225, 250, 275, 300, 325, 350 என்று எட்டு வெப்பநிலைகள். ஒவ்வொன்றிலும் ஒரு மணி நேரம். நடுவில் 25 டிகிரி இடைவெளி வைத்ததற்குக் காரணம் உண்டு: 80 சதவீதம் உருட்டிய 5052-இல் மறுபடிகமாதல் ஏறக்குறைய 250-க்கும் 320-க்கும் இடையே நடந்து முடிகிறது. 100, 200, 300, 400 என்று நான்கு புள்ளி வைத்தவர்களுக்கு வளைவில் ஒரு செங்குத்துப் படி மட்டுமே கிடைக்கும்.

ஃபர்னஸின் பலகையில் தெரியும் எண் சுவரருகே உள்ள தெர்மோகப்பிள் (வெப்பநிலை அளக்கும் கம்பி உணரி) சொல்வது. மாதிரியின் சூடு அதுவல்ல. கே வகை தெர்மோகப்பிள் ஒன்றை மாதிரியிலேயே கட்டித் தனி மீட்டரில் படியுங்கள். பெட்டி ஃபர்னஸில் கதவருகேயும் பின்சுவரருகேயும் 10 முதல் 20 டிகிரி வித்தியாசம் இருப்பது சாதாரணம். முதல் நாளே ஐந்து இடங்களில் அளந்து, எல்லா மாதிரிகளையும் ஒரே இடத்தில் வையுங்கள்.

பளபளப்பான அலுமினியம் கதிர்வீச்சு வெப்பத்தைத் திருப்பி அனுப்பிவிடும். அசையாத காற்றில் ஒற்றை 1 மி.மீ துண்டு சூடேற 5, 6 நிமிடம் ஆகும். பத்துத் துண்டுகளை அடுக்கி வைத்தால் அதுவே ஒரு மணி நேரத்தை நெருங்கும். அதாவது உங்கள் அனீலிங் நேரம் முழுவதும் சூடேறுவதிலேயே போய்விடும். தீர்வு எளிது: 10 மி.மீ தடிமனுள்ள இரண்டு அலுமினியக் கட்டைகளை முன்பே ஃபர்னஸில் சூடாக்கி வைத்து, மாதிரியை அவற்றுக்கிடையே செருகுங்கள். நேரத்தை மாதிரியின் தெர்மோகப்பிள் குறித்த அளவைத் தொட்டதிலிருந்து எண்ணுங்கள். முடிந்ததும் தண்ணீரில் போட்டு ஆற்றுங்கள்.

நைட்ரேட் உப்புக் குளியல் விரைவாகச் சூடாக்கும். ஆனால் ஈரமான மாதிரி உள்ளே போனால் உருகிய உப்பு தெறிக்கும், எண்ணெய் ஒட்டியிருந்தால் தீப்பிடிக்கும். அனுபவமுள்ளவர் பக்கத்தில் இல்லாமல் தொடாதீர்கள்.

இன்னொரு பொறி: சிறிய உருத்திரிபு. 2 முதல் 10 சதவீதம் வரை லேசாக நீட்டிய, அல்லது தட்டி நேராக்கிய தகட்டை முழு அனீல் செய்தால் கிரெயின்கள் மிகப் பெரிதாகும். வளைக்கும்போது மேற்பரப்பு ஆரஞ்சுத் தோல் போலச் சொரசொரக்கும். உருட்டும் முன் செய்த தொடக்க அனீலுக்கும் இது பொருந்தும்.

7. கடினத்தன்மை வளைவை முதலில் வரையுங்கள்

15 × 15 மி.மீ துண்டுகள். எட்டு வெப்பநிலையும் அனீல் செய்யாத ஒன்றும் சேர்த்து ஒன்பது. இரண்டு உருட்டல் நிலைக்குப் பதினெட்டு. ஒவ்வொன்றிலும் ஏழு பதிவுகள் (கருவியின் முனை அழுத்திய குழிகள்), கூடியதையும் குறைந்ததையும் நீக்கி ஐந்தின் சராசரி. விக்கர்ஸ் முறை (வைரக் கூம்பை அழுத்தி, குழியின் மூலைவிட்டத்தை அளப்பது), 1 கிலோ சுமை. கடினத்தன்மை 100 அளவில் இருக்கும்போது பதிவின் மூலைவிட்டம் 0.136 மி.மீ வரும். லேசான உலோகங்களுக்குப் பதிவுகளின் மையங்களுக்கிடையே மூலைவிட்டத்தின் ஆறு மடங்கு இடைவெளி வேண்டும் என்பதால் 1 மி.மீ விடுங்கள். நெருக்கி அடித்தால் முந்தைய பதிவு இறுக்கிய இடத்தையே அளப்பீர்கள்.

வளைவில் மூன்று பகுதிகள் தெரிய வேண்டும். 200 டிகிரி கடக்கும்வரை மெல்லச் சரிவது மீட்சி. கிரெயின்கள் அப்படியே இருக்க, உள்ளே சிக்கிய டிஸ்லொகேஷன்கள் (அணு வரிசையில் உள்ள கோட்டுக் குறைகள்) மட்டும் அடுக்கமைகின்றன. பிறகு செங்குத்துச் சரிவு, மறுபடிகமாதல். அதன்பின் சமதளம். செங்குத்துச் சரிவு தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னும், அதன் நடுவிலும், சமதளத்தின் தொடக்கத்திலும் ஆக மூன்று வெப்பநிலைகளைத் தேர்ந்தெடுங்கள். விலையுயர்ந்த சோதனைகள் எல்லாம் இந்த மூன்றுக்கும், அனீல் செய்யாத நிலைக்கும் மட்டுமே.

5052-க்குப் பதில் தூய அலுமினியத்தில் ஏஆர்பி செய்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 99.2 சதவீதத் தூய்மையுள்ள அலுமினியத்தை ஆறு சுற்று உருட்டி 150 டிகிரியில் 30 நிமிடம் வைத்தபோது வலிமை ஏறி நீட்சி குறைந்ததை 2006-இல் ஹுவாங், ஹான்சன், ட்சுஜி மூவரும் காட்டினார்கள். உங்கள் வளைவு தொடக்கத்தில் மேலே ஏறினால் மாதிரி மாறிவிட்டதோ என்று பதறவேண்டாம்.

8. இழுவைச் சோதனை

ஏஎஸ்டிஎம் இ8 தரத்தின் சிறு மாதிரி: மொத்த நீளம் 100, அளவு நீளம் 25, அகலம் 6 மி.மீ. வயர்கட்டில் (மின்பொறியால் கம்பி கொண்டு வெட்டும் இயந்திரத்தில்) வெட்டக் கொடுக்கும்போது பத்துத் தகடுகளை இறுக்கிக் கட்டி ஒரே வெட்டில் எடுக்கச் சொல்லுங்கள், கூலி பெரிதும் மிச்சம். வெட்டிய ஓரத்தை 600 எமரித் தாளால் நீளவாக்கில் தேய்க்காவிட்டால் இறுகிய மாதிரிகள் ஓரத்திலிருந்து முன்கூட்டியே கிழியும். வெட்டியபின் அனீல் செய்வதுதான் நல்லது.

எண்ணிக்கை, ஓர் உருட்டல் அளவுக்கு: நான்கு நிலைகள், இரண்டு திசைகள், மூன்று பிரதிகள், மொத்தம் 24. உதிரியாக ஆறு. எக்ஸ்டென்ஸோமீட்டர் (மாதிரியின் நீட்சியை நேரடியாக அளக்கும் கருவி) உண்டா என்று சோதனைக்கூடத்தில் முன்பே கேளுங்கள். கிராஸ்ஹெட் (இயந்திரத்தின் நகரும் தலை) நகர்வை வைத்து வரைந்த வளைவிலிருந்து ஈல்டு வலிமை (நிரந்தரமாக நீளத் தொடங்கும் அழுத்தம்) எடுத்தால் தவறும். பிடிஎஃப் அறிக்கை மட்டும் போதாது, மூலத் தரவையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

முழுதும் அனீல் ஆன மாதிரிதான் உங்கள் உரைகல். 5052 ஓ டெம்பரின் வழக்கமான மதிப்புகள்: இழுவை வலிமை 195, ஈல்டு 90 மெகாபாஸ்கல், நீட்சி 25 சதவீதம். முழுதும் இறுக்கி நிலைப்படுத்திய எச்38-க்கு 290, 255, 7. உங்கள் முழு அனீல் மாதிரி ஈல்டு 140 காட்டினால் அனீலிங் முடியவில்லை, அல்லது சோதனை தவறு. நீட்சியை ஒப்பிடும்போது அளவு நீளம் ஒன்றா என்று பாருங்கள், 25 மி.மீயில் அளந்தது 50 மி.மீயில் அளந்ததைவிட எப்போதும் பெரிதாகத் தெரியும்.

உருட்டிய நிலையில் சீரான நீட்சி 1 முதல் 3 சதவீதம்தான் வரும். இழுக்கும்போது மேலும் இறுகும் திறன் தீர்ந்துவிட்டதால் மாதிரி உடனே கழுத்துச் சுருங்குகிறது. இதனால் அந்த நிலையில் ஆர் மதிப்பு (இழுக்கும்போது அகலத் திரிபுக்கும் தடிமன் திரிபுக்கும் உள்ள விகிதம்) அளக்கவே முடியாது. அதற்கு ஒதுக்கிய மாதிரிகள் வீண். அனீல் ஆன மாதிரிகளின் வளைவில் ரம்பப்பல் போலத் துடிப்புகள் வந்தால் இயந்திரக் கோளாறு என்று தூக்கி எறியாதீர்கள். மெக்னீசியம் அணுக்கள் நகரும் டிஸ்லொகேஷன்களைப் பிடித்துப் பிடித்து விடுவதால் இந்த அலாயில் வருவதுதான்.

9. நுண்ணமைப்பு

கிரெயின்களை வெளிக்காட்டப் பார்க்கர் கரைசல் போதும்: 200 மி.லி தண்ணீரில் 48 சதவீத ஃபுளுவோபோரிக் அமிலம் 5 மி.லி, 20 வோல்ட், 40 முதல் 80 விநாடி. துருவ ஒளியில் கிரெயின்கள் வண்ணத்தில் பிரியும். கண்ணாடிப் பாத்திரம் கூடாது, பிளாஸ்டிக் மட்டும். கெல்லர் கரைசல் பயன்படுத்தினால் அதில் ஹைட்ரோஃபுளுவோரிக் அமிலம் உண்டு. அந்த அமிலம் பட்டால் உடனே தடவ வேண்டிய கால்சியம் குளுகோனேட் ஜெல் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் பாட்டிலைத் திறக்கவே வேண்டாம்.

இபிஎஸ்டி (எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் கிரெயின்களின் திசையைப் படமாக்கும் முறை) செய்வதானால் மறுபடிகமாதலின் நடுவிலும் முடிவிலும் உள்ள மாதிரிகளுக்கு மட்டும் கேளுங்கள். 80 சதவீதம் உருட்டிய நிலை சரியாக அடையாளம் காணப்படாமல் பெரும்பகுதி கறுப்பாகவே வரும், மணிக்கணக்குப் பணம் போகும். ஸ்டெப் அளவு (அளவிடும் புள்ளிகளுக்கிடையே உள்ள தூரம்) கிரெயின் அளவில் பத்தில் ஒன்று.

10. செலவு, நாள், விண்ணப்பம்

இழுவைச் சோதனை மாதிரி ஒன்றுக்கு இவ்வளவு, இபிஎஸ்டி மணிக்கு இவ்வளவு, வயர்கட் வெட்டும் நீளத்துக்கு இவ்வளவு என்றுதான் வசூலிப்பார்கள். மேற்கோள் தொகையோடு 18 சதவீத ஜிஎஸ்டி சேரும். துறையில் ஒப்புதல் வாங்கும்போது அதைச் சேர்த்தே எழுதுங்கள். வெளிக்கூடத்துக்கு அனுப்பத் துறைத்தலைவர் கையெழுத்திட்ட கோரிக்கைக் கடிதம், மாதிரிப் பட்டியல், அளவுகளுடன் வரைபடம், எந்தத் தரப்படி சோதிக்க வேண்டும் என்ற குறிப்பு ஆகிய நான்கும் சேர்ந்தே போக வேண்டும். ஒன்று குறைந்தாலும் பார்சல் மூலையில் கிடக்கும்.

காலக்கணக்கு: தகடும் சர்டிஃபிகேட்டும் இரண்டு வாரம். உருட்டல் இரண்டு நாள். கடினத்தன்மைத் துண்டுகளின் அனீலிங், ஒரு நாளைக்கு இரண்டு வெப்பநிலை வீதம், நான்கு நாள். அளவீடு மூன்று நாள். வயர்கட்டும் இழுவைச் சோதனையும் மூன்று வாரம். இபிஎஸ்டி வரிசையில் ஒரு மாதமோ அதற்கு மேலோ காத்திருக்க நேரும் என்பதால், தகடு வாங்கும் வாரத்திலேயே தேதி பதிந்துவிட்டு, எந்த மாதிரி என்பதைக் கடினத்தன்மை வளைவு வந்தபின் நிரப்பிக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு நிலையிலும் உருட்டிய துண்டு ஒன்றைத் தொடாமல் ஃப்ரீசரில் வைத்திருங்கள். தேர்வாளர் "260 டிகிரியில் என்ன ஆகும்?" என்று கேட்டால், அடுத்த வாரமே பதில் சொல்லலாம்.